வெட்டு விழாமல்

அவருடைய லொறி புறப்பட்டது எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. முன் ஆசனத்தில் ஏறி, சேலையை ஒதுக்கி, சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தால், பக்கத்துத் தேயிலைச் செடிகள் பின்னால் போய்க்கொண்டிருக்கும். கிளம்பிவிட்டோம் என்று அப்போதுதான் விளங்கும். நிற்பதும் அப்படித்தான். மற்ற லொறிக்காரர்கள் பிரேக் போட்டால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் ஒருமுறை தலையாட்டிச் சம்மதம் சொல்லியாக வேண்டும். இவர் வண்டி முழுக்க நிற்கும் தறுவாயில் பிரேக்கிலிருந்து காலை ஓர் உளுந்தளவு எடுத்துவிடுவார். அந்தக் கடைசித் தலையாட்டல் வராது.

இலங்கை மலையகத்தில், ராகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் கொழுந்து லொறி டிரைவர். நான் மேல் டிவிசன் பள்ளிக்கூடத்து ஆசிரியை. எங்கள் வீடு கீழ் டிவிசனில். காலையில் வெறும் சாக்குகளோடு ஏறும் லொறியில் போவேன், பின்னேரம் கொழுந்து மூட்டைகளோடு இறங்கும் லொறியில் வருவேன். கலியாணமாகாத பெண் டிரைவரோடு முன்னால் உட்கார்ந்து போவதைப் பற்றித் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அதற்காக எங்களுக்கு நடுவில் குடையை நீட்டி வைத்து எல்லை போட்டிருந்தேன். மூன்று வருஷத்தில் அவருடைய முழங்கை அந்தக் குடையைத் தாண்டியதில்லை. குடையும் ஒரு நாளாவது நழுவிக் கீழே விழுந்ததில்லை.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் கடலுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் இருக்கிறார்கள். ஐம்பதை நெருங்கிய மெலிந்த மனிதர். வெயிலோ மழையோ ஒரே காக்கிக் கோட்டு. அந்த லொறியும் அந்தக் கோட்டும் உலக யுத்தம் முடிந்ததும் பட்டாளம் ஏலத்தில் கழித்துவிட்டவை என்று கேலி செய்வோம்.

சொல்ல வந்த செய்தியையும் அவர் லொறி மாதிரிதான் ஓட்டிக்கொண்டு வருவார். "டீச்சர், ஒண்ணு சொல்லணுங்க" என்று ஆரம்பிப்பார். கொஞ்ச தூரம் போனதும், "நல்லதில்ல" என்பார். இன்னும் கொஞ்ச தூரம் போய், "ஆனா ரொம்ப மோசமுமில்ல." அதற்குள் வீட்டில் உள்ளவர்களை ஒவ்வொருவராக மனதில் எண்ணிப் பார்த்துவிடுவேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. ஒருமுறை இப்படி மூன்று வளைவுக்கு இழுத்துக்கொண்டு வந்து அவர் சொல்லி முடித்த செய்தி, என்னுடைய கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது என்பது.

"இத முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேண்ணே!" என்று கத்தினேன்.

"முதல்லயே சொன்னா ஒங்களத் தூக்கிப் போட்டிருக்குங்க. இப்ப பாருங்க, கோழிதானான்னு நிம்மதியா இருக்கீங்க."

கோபமும் அவருக்கு அப்படியே. திங்கட்கிழமை பெரிய கிளாக்கரோடு தொடங்கும் சண்டை வியாழக்கிழமைதான் சத்தமாகும். ஆனால் தோட்டத்தில் சாவுச் செய்தி சொல்ல இவரைத்தான் அனுப்புவார்கள். மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணிடம் போய், முதலில் கூடையை இறக்கச் சொல்வார். பிறகு உட்காரச் சொல்வார். பிறகு, கடைசியாக ஊர்க் கடுதாசி எப்போது வந்தது என்று கேட்பார். அவர் முடிக்கும்போது அந்தப் பெண்ணுக்குப் பாதி தெரிந்திருக்கும். நல்ல முறைதான். ஆனால் அவர் லொறியை விட்டு இறங்கி மலைக்குள் நடந்து வருவதைக் கண்டால் நிரையில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் கை நின்றுவிடும். யாரிடம் வருகிறார் என்று தெரியும் வரை ஒருவரும் மூச்சு விடுவதில்லை.

ஒரு நாள் பின்னேரம், இறக்கத்தில், அவரிடம் சொன்னேன். "உங்களோட வந்தா எவ்வளவு வேகமா போறோம்னே தெரிய மாட்டேங்குது. அதுதாண்ணே எனக்குப் பயம்."

"தெரிஞ்சா மட்டும் எறங்கி நடந்துருவீங்களாக்கும்?" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "வேகத்துல பயமே இல்லீங்க. கண்ண மூடிக்கிட்டா வேகம் தெரியுதா? தெரியாது. பிக்கப்புதான் தெரியும். பிக்கப்புன்னா, முதுகுல ஒருத்தன் கைய வச்சு ஒரே மாதிரி தள்ளிக்கிட்டே இருக்கான்னு வைங்க. எவ்வளவு தள்ளுனாலும் பரவால்ல, அந்தக் கையில சாஞ்சுக்கலாம். ஒடம்பு பழகிரும். வெட்டுங்குறது வேற. அந்தக் கைய திடீர்னு வைக்கிறான் பாருங்க, அதான் வெட்டு. திடீர்னு எடுக்குறதும் வெட்டுதான். வச்சதுல விழுந்தவன விட எடுத்ததுல விழுந்தவந்தான் அதிகம்."

பல வருஷம் கழித்து மேல் வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்தபோது பாடப்புத்தகத்தில் அவருடைய பிக்கப்பைக் கண்டுபிடித்தேன். ஆர்முடுகல் என்று இருந்தது. வேகம் எந்த வீதத்தில் கூடுகிறது என்பது. அந்த ஆர்முடுகலே திடீரென்று மாறினால் அதற்கு என்ன பெயர் என்று புத்தகம் முழுக்கத் தேடினேன். சூத்திரம் இல்லை, சொல்லும் இல்லை. அதனால் என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லோருக்கும் வெட்டு என்றே சொல்லிக்கொடுத்தேன். பரீட்சையில் அப்படி எழுதி ஒருவன் புள்ளியை இழந்தும் இருக்கிறான்.

அவர் எனக்குக் காட்டிய இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். லொறியின் முன் கண்ணாடிக்கு மேல் ஒரு பாசிமணி மாலை தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் காட்டி, "எறக்கத்துல இது முன்னால சாஞ்சிருக்கா? அப்படின்னா வண்டிய நான் பிடிச்சிருக்கேன்னு அர்த்தம். ஏத்தத்துல பின்னால சாஞ்சா, எஞ்சின் இழுக்குதுன்னு அர்த்தம்" என்றார்.

"நேரா நின்னா?"

"மட்டமான ரோட்டுல நேரா நின்னா நல்லது. எறக்கத்துல நேரா நின்னா..." கொஞ்ச தூரம் ஓட்டினார். "வண்டிய யாரும் பிடிக்கலேன்னு அர்த்தம். உள்ள இருக்கிறவங்களுக்கு அது மட்டமான ரோடு மாதிரியே இருக்குங்க. ரொம்ப சொகமா இருக்கும்."

அன்று முதல் நான் வெளியே பார்ப்பதை விட்டுவிட்டு அந்தப் பாசிமணியையே பார்த்துக்கொண்டு போனேன்.

ஏன் இந்த மனிதருக்கு வெட்டின் மேல் இத்தனை பயம்? லயத்தில் ஒரு கதை உண்டு. முன்பு வேறொரு தோட்டத்தில், ஆட்களை நிற்க வைத்து ஏற்றிப் போன லொறியில் டிரைவர் திடீரென்று பிரேக் போட, விழுந்து செத்த பெண் இவருடைய முதல் மனைவி என்பார்கள். அந்த டிரைவரே இவர்தான் என்றும் சிலர் சொல்வார்கள். குடைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்க எனக்குத் துணிவு வந்ததில்லை. அவராக வாய்விட்டு ஆத்திரப்பட்டு நான் கேட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் வேறு விஷயத்துக்கு. "நம்ம தாத்தன் காலத்துலேர்ந்து இங்கதான இருக்கோம். ஒரு நா பேப்பர்ல போட்டுட்டான், நாம இந்த நாட்டு ஆளுங்க இல்லன்னு. 'ஒண்ணு சொல்லணும், நல்லதில்ல'ன்னு முன்கூட்டி வந்து சொல்ல ஒருத்தனுக்கும் வாய் வரலீங்களே டீச்சர்." அன்றைக்குக்கூட லொறி குலுங்கவில்லை.

என் தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கும் மரங்களில் கிளை கழிக்கிற வேலை. ஓர் ஆடி மாதக் காலையில், மேல் டிவிசனில், ஈரக் கிளை வழுக்கி விழுந்துவிட்டான். பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்து சொன்னது. நான் ஓடிப் போனபோது தோட்டத்து மருந்துக்காரர் அவனை ஒரு கதவுப் பலகையில் கிடத்தி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பைகளை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"கழுத்தெலும்பு வெலகியிருக்கும்மா" என்றார் மருந்துக்காரர். "நரம்பு அறல, அதான் கால் வெரலு ஆடுது. தல அசஞ்சிச்சோ, காலும் போயிரும், ஆளும் போயிருவான். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ஒரு குலுங்கல் ஆகாது."

தம்பி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "வெரல ஆட்டுடா" என்றேன். வலது கால் பெருவிரல் மேலும் கீழும் அசைந்தது. அந்த விரலைத் தவிர உலகத்தில் வேறொன்றும் எனக்குக் கண்ணில் படவில்லை.

தோட்டத்துத் துரையின் கார் கொழும்புக்குப் போயிருந்தது. இருந்தது கொழுந்து லொறி ஒன்றுதான். மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டுப் பலகையை ஏற்றினார்கள். நான் தலைமாட்டில் உட்கார்ந்து அவன் தலையை இரு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டேன். மருந்துக்காரர் கால்மாட்டில். தூறல் விழுந்ததால் தார்ப்பாயைச் சுற்றி இறக்கிக் கட்டினார்கள். அதற்கு முன் டிரைவர் பின் பக்கம் வந்து நின்றார்.

"வெட்டு விழக்கூடாது. அவ்வளவுதானுங்களே?" என்று மருந்துக்காரரைக் கேட்டார்.

"அவ்வளவுதான். மெதுவா போனாலும் சரி, வேகமா போனாலும் சரி."

பிறகு என்னைப் பார்த்தார். "டீச்சர், ஒண்ணு சொல்லணுங்க." தம்பியின் முகத்தைப் பார்த்தார். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "இல்ல. பெறகு சொல்றேன்."

மூன்று வருஷத்தில் அவர் தொடங்கியதை முடிக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

வழக்கம்போலப் புறப்பட்டது தெரியவில்லை. உள்ளே அரை இருட்டு. பார்ப்பதற்கு இரண்டே பொருள்கள் இருந்தன. ஒன்று, தம்பியின் பெருவிரல். மற்றது, தார்ப்பாயைத் தாங்கும் இரும்புக் கம்பியில் தொங்கிய கொழுந்துத் தராசும் அதன் கொக்கியும். கொக்கி டிரைவர் பக்கமாகச் சாய்ந்திருந்தது. வண்டி இறக்கத்தில் இருக்கிறது, அவர் பிடித்திருக்கிறார். சாய்ந்திரு, சாய்ந்தே இரு என்று அந்தக் கொக்கியைக் கும்பிட்டேன்.

நாலு வளைவு போயிருக்கும். கொக்கி மெல்ல மெல்ல நிமிர ஆரம்பித்தது. சட்டென்று அல்ல. கறிவேப்பிலை இலை ஒன்று வாடுகிற வேகம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அப்படித்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது பலகைக்குச் செங்குத்தாக நின்றது. முதுகில் இருந்த இழுப்பும் போய்விட்டது. வீட்டில் பாயில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"மட்டத்துக்கு வந்துட்டோம் போல" என்றார் மருந்துக்காரர். "பரவால்ல, நல்லாத்தான் ஓட்டுறான்."

எனக்கும் ஒரு கணம் நிம்மதி. ஒரே கணம்தான். மேல் டிவிசனில் இருந்து கீழே ஆற்றுப் பாலம் வரைக்கும் அந்த வழியில் மட்டமான ரோடு ஓரடி கிடையாது. தினமும் இரண்டு தடவை அந்த வழியில் போகிறவள் நான். இறக்கத்தில் கொக்கி நேராக நிற்கிறது. வண்டியை யாரும் பிடிக்கவில்லை.

கத்தவேண்டும் போல இருந்தது. கத்தினால் தம்பி திடுக்கிடுவான், கழுத்து அசையும். மருந்துக்காரரிடம் சைகை காட்டக் கையை எடுக்க முடியாது. என் விரல்கள் நடுங்கத் தொடங்கின. நடுங்கினால் அந்த நடுக்கமே அவனுக்கு வெட்டு. லொறியைப் பிடிக்க ஆளில்லாத அந்த நேரத்தில் நான் என் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, இது மட்டமான ரோடு, இது மட்டமான ரோடு என்று எனக்கு நானே பொய் சொன்னேன். டயர்களின் சத்தம் உயர்ந்துகொண்டே போனது. சத்தத்தைத் தவிர வேகத்துக்கு வேறு அடையாளமே இல்லை.

வளைவு வந்தது. உடம்பின் பாரம் இடது பக்கம் ஊர்ந்து போனது. போய், அங்கே கொஞ்ச நேரம் தங்கி, மறுபடி ஊர்ந்து திரும்பி வந்தது. இன்னொரு வளைவு, இந்தத் தடவை வலது பக்கம், முன்னைவிடக் கனமாக. வெளிச் சக்கரத்துக்குக் கீழே பள்ளம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். தம்பியின் தலை என் கைக்குள் பாரமாகச் சாய்ந்ததே தவிர அசையவில்லை.

"அக்கா, தூக்கம் வருது" என்றான் தம்பி.

"தூங்காத. வெரல ஆட்டு."

ஆட்டினான்.

பாலத்துப் பலகைகளின் சத்தம் ஒரே மூச்சில் கேட்டு முடிந்தது. அதற்கு மேல் ஏற்றம். டயர்களின் சத்தம் தணிந்துகொண்டே வந்தது. எஞ்சின் முனகுவது கேட்டது. அப்போது கொக்கி மெல்ல, மிக மெல்ல, பின் பக்கமாகச் சாய்ந்தது. ஏற்றத்தில் பின்னால் சாய்ந்தால் எஞ்சின் இழுக்கிறது. பிடிக்க ஆள் வந்துவிட்டது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கக் கை இல்லை.

நின்றது தெரியவில்லை. தார்ப்பாயை விலக்கிக்கொண்டு அவர் எட்டிப் பார்த்தபோதுதான் நின்றுவிட்டோம் என்று அறிந்தேன். சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"டீச்சர், ஒண்ணு பெறகு சொல்றேன்னேனே..."

"சொல்ல வேணாண்ணே. கொக்கியப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பிரேக் மிதி ரெண்டு நாளாவே கொஞ்சம் எறங்குச்சு. ரிப்பேர் பாக்குற பாஸ் நாளைக்குத்தான் வர்றேன்னிருந்தாரு. இன்னைக்கு வழியில மெல்ல மெல்ல எறங்கி அடியோட போயிருச்சு." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "விட்டு விட்டு மிதிச்சா கொஞ்சம் பிடிக்கும். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு வெட்டு. மண் மேட்டுல ஒரசி நிறுத்தலாம், அதுவும் வெட்டு. கியரக் கொறச்சாலும் வெட்டு. ஏத்தம் வர்ற வரைக்கும் விட்டுட்டேங்க." பிறகுதான் கேட்டார். "வெரலு?"

தம்பி தானாகவே ஆட்டிக் காட்டினான். மருந்துக்காரர் அப்போதுதான் எல்லாம் விளங்கி, தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

வலப்பனையில் இருந்து நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்றிப் போன லொறி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினோம். பலகையை மாற்றுவதற்கு ரோட்டில் போன ஆட்கள் எட்டுப் பேர் வந்தார்கள். டிரைவர் அவர்களிடம், "சடார்னு தூக்காதீங்க. முதல்ல கைய வைங்க. கொஞ்சங் கொஞ்சமா பாரத்த வாங்குங்க. விடுறப்பவும் அப்படியே, கடைசிக் கை போறது தெரியக்கூடாது" என்று கெஞ்சினார். பிறகு தன் லொறியை ரோட்டிலேயே விட்டுவிட்டு மரக்கறி லொறி டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அந்த டிரைவர் சிங்களவர். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் "ஹெமின், ஹெமின்" என்று இவர் மெதுவாகப் போகச் சொல்லிக்கொண்டே வந்தது பின்னால் எனக்குக் கேட்டது.

உள்ளே கொண்டுபோனார்கள். பின்னேரம் டொக்டர் வெளியே வந்து, நரம்பு தப்பிவிட்டது, கழுத்தை இனி முழுக்கத் திருப்ப முடியாது, ஆனால் நடப்பான் என்றார். நான் எங்கள் டிரைவரைத் தேடிக்கொண்டு வெளியே ஓடினேன்.

ஆஸ்பத்திரிச் சுவரோரம் குந்தியிருந்தார். தூரத்தில் பார்த்தபோது சிரிக்கிறார் என்று நினைத்தேன். கிட்டப் போனால், உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. பல் கிட்டியிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த பத்து விரலும் இன்னும் மடங்கியபடியே இருந்தன, விரிக்க முடியவில்லை. அந்த இறக்கத்தில் எங்கள் ஒருவருக்கும் வராமல் அவர் தடுத்து வைத்த வெட்டு அத்தனையும் அவர் உடம்பில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. லொறியில் பட்ட பயத்தைவிட அதிகம்.

ஆட்கள் போய் வருகிற வாசல். நான் கலியாணமாகாத பெண். குடையும் கையில் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்தேன். முதலில் கோட்டுத் துணியில் படும்படி மட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்து.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

உடம்பு விறைத்தது.

"மோசமில்ல." கொஞ்சம் பொறுத்தேன். "நல்லதுதான்." இன்னும் பொறுத்தேன். "தம்பி கண்ணு முழிச்சிருக்கான்." அவர் மூச்சு விடுவது கையில் தெரிந்தது. "வெரல ஆட்டுறான். நடப்பானாம்ண்ணே."

அந்தக் கையில் சாய்ந்துகொண்டார். உதறல் தணிய வெகு நேரம் ஆயிற்று. என் கை மரத்துப் போனது, ஆனால் எடுக்கப் பயந்தேன். எடுப்பதிலும் ஆள் விழுவான் என்று அவர்தானே சொன்னார்.

எப்போதோ எடுத்திருக்கிறேன். எப்போது என்று எனக்கு ஞாபகமில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.